வெறுங்கம்பியின் பாடம்

நுழையும்முன்

உடலை வலிமைப்படுத்தும் ஆர்வம் இளமைக்கு இயல்பானது. சிற்றூர்களிலும் இன்று உடற்பயிற்சிக்கூடங்கள் பெருகியுள்ளன. அங்குச் செல்லும் இளையோரை முதல் நாளிலேயே ஈர்ப்பது, பலகையில் மல்லாந்து படுத்துப் பளுவை மேலே தள்ளும் 'பெஞ்ச் பிரஸ்' என்னும் பயிற்சி. பார்வைக்கு எளியது, முறையறியாமல் செய்தால் தோளையும் உயிரையும் கூட வருத்தக்கூடியது. அதனைக் கற்க வேண்டிய முறையை இப்பாடம் விளக்குகிறது.

"எவ்வளவு தூக்குகிறாய்?"

உடற்பயிற்சிக்கூடத்திற்குச் செல்லத் தொடங்கியவரிடம் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். "எப்படித் தூக்குகிறாய்?" என்று கேட்பவரைக் காண்பது அரிது. முதற்கேள்விக்கு ஓர் எண்ணை விடையாகச் சொல்லிவிடலாம். நாற்பது என்றால் மதிப்பு ஒருவகை. அறுபது என்றால் வேறுவகை. ஆகவே, கம்பியை எங்கே பிடிப்பது, எவ்விடத்தில் இறக்குவது என்று அறியும் முன்னரே அதன் இருபுறமும் தட்டுகள் ஏறிவிடுகின்றன. பிற பயிற்சிகளில் இந்த அவசரம் சில நாள் வலியோடு முடிந்துவிடலாம். பெஞ்ச் பிரஸ்ஸில் அப்படி முடியும் என்று சொல்ல இயலாது. அதற்கான காரணத்தை அறிய, நம் ஊர்க் கல் ஒன்றிலிருந்து தொடங்குவது நல்லது.

கல்லும் கம்பியும்

தென்மாவட்டச் சிற்றூர்களில் கோயில் திடலிலோ ஊர்ப் பொதுவிடத்திலோ உருண்டையான பெருங்கல் ஒன்று கிடப்பதை இன்றும் காணலாம். அது இளவட்டக்கல். பொங்கல் விழாவின்போது இளைஞர்கள் அதைத் தூக்கித் தம் வலிமையைக் காட்டுவர். கல்லைத் தூக்குவதற்கு முறை உண்டு. முதலில் குந்தி அமர்ந்து கல்லை இரு கைகளாலும் அணைக்க வேண்டும். பிறகு அதைத் தொடைமீது ஏற்றி, உடலோடு ஒட்டவைத்தவாறே நிமிர்ந்து நெஞ்சுக்குக் கொண்டுவர வேண்டும். அங்கிருந்து தோளுக்கு ஏற்றிப் பின்புறமாக எறிய வேண்டும். வழுவழுப்பான அந்த உருண்டையில் பிடிமானம் ஏதும் இராது. முறையறியாதவர் தோள்வலிமை மிக்கவராயினும் கல்லைத் தரையைவிட்டு நகர்த்தவே தடுமாறுவார்.

அக்கல்லைத் தூக்க முடியாமற்போனால் என்ன நேரும்? கல் கீழே விழும். தூக்கியவர் விலகி நிற்பார். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். ஒலிம்பிக் பளுதூக்குதலிலும் ஏறத்தாழ இதே நிலைதான். தலைக்கு மேலே உயர்த்திய பளு நிலைகொள்ளாவிட்டால், வீரர் அதை முன்னோ பின்னோ விட்டுவிட்டு ஓரடி விலகிக்கொள்வார். அதற்கென்றே மேடையும், விழுந்தால் உடையாத இரப்பர்த் தட்டுகளும் அமைக்கப்பட்டுள்ளன.

பெஞ்ச் பிரஸ்ஸில் விலகிச் செல்ல இடமில்லை. தூக்குபவர் பளுவின் அடியில் படுத்திருக்கிறார். கைகள் சோர்ந்தால் கம்பி இறங்கும் இடம் அவருடைய நெஞ்சு. சற்று வழுவினால் கழுத்து. எடையைவிட முறையை முதலில் கற்க வேண்டும் என்பது எல்லாப் பயிற்சிகளுக்கும் பொருந்தும் அறிவுரைதான். எனினும், இப்பயிற்சிக்கு அது அறிவுரை என்ற அளவில் நின்றுவிடுவதில்லை.

முறை பிறழ்ந்ததால் மறைந்த போட்டி

படுத்துக்கொண்டு பளுவைத் தள்ளுவது மிகப் பழைய வழக்கமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வலிமை காட்டியோர் நின்ற நிலையில் தூக்குவதையே பெருமையாகக் கருதினர். எஸ்டோனியாவில் பிறந்த மல்யுத்த வீரர் ஜார்ஜ் ஹாக்கன்ஷ்மிட், 1899இல் தரையில் படுத்தபடி 361 பவுண்டு எடையை, அதாவது ஏறத்தாழ 164 கிலோவைத் தள்ளி உயர்த்தினார். அன்று அவருக்குப் பலகையும் இல்லை. கம்பியைத் தாங்கி நிற்கும் தூண்களும் இல்லை. கம்பியை முகத்திற்கு மேலாகக் கொண்டுவந்துதான் தள்ள வேண்டும். பலகையும் தூண்களும் பின்னாளில் வந்தவை.

நின்ற நிலையில் பளுவைத் தலைக்கு மேலே தள்ளும் 'பிரஸ்' என்னும் முறை, ஒலிம்பிக் பளுதூக்குதலில் 1972 மியூனிக் போட்டிவரை இடம்பெற்றிருந்தது. உடலை நேராக நிறுத்திக் கைகளின் வலிமையால் மட்டுமே தள்ள வேண்டும் என்பது விதி. ஆனால், எடை கூடக்கூட வீரர்கள் இடுப்பைப் பின்னுக்கு வளைத்துச் சாயத் தொடங்கினர். சிறிது சாய்ந்தால் ஏற்கலாமா? இன்னும் சற்றுச் சாய்ந்தால்? ஒரு நடுவர் ஏற்றதை மற்றொருவர் மறுத்தார். முதுகெலும்புக்கும் தீங்கு நேரும் என்ற அச்சம் எழுந்தது. மியூனிக் போட்டியோடு அம்முறை நீக்கப்பட்டது. இன்று ஒலிம்பிக்கில் எஞ்சியிருப்பவை ஸ்நாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் என்னும் இரண்டே. வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் ஸ்நாட்ச் முறையில் 149 கிலோவும் கிளீன் அண்ட் ஜெர்க் முறையில் 179 கிலோவும் தூக்கி, மொத்தம் 328 கிலோவுடன் தங்கம் வென்றார். 2018 கோல்டு கோஸ்ட் போட்டியிலும் தங்கம் அவருக்கே.

எது சரியான முறை என்பதை வரையறுக்க இயலாமற்போனதால் ஒரு போட்டியே மறைந்தது என்பது விளையாட்டு வரலாற்றில் வியப்பான செய்தி. பெஞ்ச் பிரஸ் அந்நிலையை அடையவில்லை. வலுதூக்குதல் போட்டியின் மூன்று பிரிவுகளுள் ஒன்றாக அது நிலைபெற்றுள்ளது. மாற்றுத்திறனாளர்களுக்கான பாராலிம்பிக் வலுதூக்குதலிலோ அது ஒன்றே போட்டி.

பாராலிம்பிக் விதிகள் கண்டிப்பானவை. வீரர் பலகையில் கால்களை நீட்டிப் படுப்பார். தேவையெனில் கால்கள் பட்டையால் பிணைக்கப்படும். நீட்டிய கைகளில் கம்பி அசையாது நின்றபின் நடுவர் குரல் கொடுப்பார். அதன்பின் கம்பியைக் கட்டுப்பாட்டோடு நெஞ்சுக்கு இறக்க வேண்டும். நெஞ்சைத் தொட்ட கம்பி கண்ணுக்குத் தெரியும்படி அசைவற்று நிற்க வேண்டும். பிறகு இரு கைகளும் ஒரே சீராக மேலேறி முழுமையாக நீள வேண்டும். மூன்று நடுவர்களுள் இருவரேனும் வெள்ளை விளக்கு காட்டினால்தான் அது தூக்கலாகக் கொள்ளப்படும். இளம்பிள்ளைவாதத்தால் கால்கள் பாதிக்கப்பட்ட பஞ்சாப் வீரர் ராஜிந்தர் சிங் ரகேலு, இவ்விதிகளுக்கு உட்பட்டே 2004 ஏதென்சு பாராலிம்பிக்கில் 56 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றார். ஈரானின் சியாமந்த் ரகுமான் 2016 ரியோவில் 310 கிலோவைத் தூக்கினார். கம்பியை நெஞ்சில் மோதவிட்டு, அது எம்பும் விசையில் மேலே தள்ளும் பழக்கம் நம் உடற்பயிற்சிக்கூடங்களில் மலிந்துள்ளது. அவ்வாறு தள்ளிய அறுபது கிலோ, நடுவர் முன்னிலையில் ஒரு கிலோவாகக்கூடக் கணக்கில் வராது.

தெரிந்து தெளிவோம்

பன்னாட்டுப் பளுதூக்குதல் போட்டிகளில் ஆடவர் பயன்படுத்தும் வெறுங்கம்பியின் எடை 20 கிலோ. மகளிர் கம்பியின் எடை 15 கிலோ. பெருந்தட்டுகளின் எடையை நிறத்தால் அறியலாம். சிவப்பு 25 கிலோ, நீலம் 20 கிலோ, மஞ்சள் 15 கிலோ, பச்சை 10 கிலோ. உள்ளூர்க் கூடங்களிலுள்ள மெல்லிய கம்பிகள் இவ்வளவு எடை இருப்பதில்லை. ஆகவே தூக்கும் எடையைக் கணக்கிடும்முன் கம்பியின் எடையைக் கேட்டறிதல் நலம்.

படுக்கும் முறை

பெஞ்ச் பிரஸ்ஸில் பிழைகளுட் பெரும்பாலானவை கம்பி அசைவதற்கு முன்பே நிகழ்ந்துவிடுகின்றன. எனவே படுத்தலைப் பற்றிச் சற்று விரிவாகக் காண்போம்.

தூண்களில் தாங்கி நிற்கும் கம்பிக்கு நேர்கீழே கண்கள் அமையுமாறு படுக்க வேண்டும். மிக மேலே தள்ளிப் படுத்தால் கம்பி ஏறும்போது தூணில் இடிக்கும். மிகக் கீழே படுத்தால், கம்பியைத் தூணிலிருந்து எடுக்கவே தோளை நீட்ட வேண்டிவரும். தலை, மேல்முதுகு, இடுப்பின் பின்பகுதி ஆகிய மூன்றும் பலகையில் பொருந்த வேண்டும். பாதங்கள் இரண்டும் தரையில் முழுமையாகப் பதிய வேண்டும். கால்களைக் காற்றில் தூக்கி மடக்கிக்கொள்வது சிலருக்கு வழக்கம். அடித்தளமில்லாத உடல், கம்பி சற்றே சாயும்போது தானும் சாயும். உயரம் குறைந்த மாணவ மாணவியர்க்குப் பாதம் தரையை எட்டாவிடில், பாதத்தின் கீழ் மரப்பலகையையோ தட்டையான எடைத்தட்டையோ வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது தோள்பட்டை எலும்புகள். இதனை மாணவர்கள் மறப்பது மட்டுமன்று, கற்பிப்போரும் சொல்ல மறந்துவிடுகின்றனர். முதுகின் மேற்புறம் இருபக்கமும் முக்கோண வடிவில் இருக்கும் அவ்வெலும்புகளைப் பின்னுக்கு இழுத்து ஒன்றையொன்று நெருங்கச் செய்து, சற்றே இடுப்பை நோக்கி இறக்க வேண்டும். இடையில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்குவதாக எண்ணிக்கொண்டால் அந்த அசைவு எளிதில் பிடிபடும். இவ்வாறு செய்ததும் நெஞ்சு சற்று மேலெழும். கீழ்முதுகில் இயல்பான சிறு வளைவு தோன்றும். தோள்மூட்டு உறுதியான மேடையின்மேல் அமைந்துவிடும். இந்நிலையைக் கடைசித் தள்ளல் முடியும்வரை தளர்த்தலாகாது.

பிறகு பிடி. கைகளைத் தோளகலத்தைவிடச் சற்று அகலமாக வைக்க வேண்டும். அளவு சரிதானா என்று அறிய ஒரு வழி உண்டு. கம்பி நெஞ்சைத் தொடும்போது எதிரே நிற்பவர் பார்த்தால், முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை உள்ள முன்கை, சுவர்போல் நேர்செங்குத்தாகத் தெரிய வேண்டும். உட்பக்கமாகவோ வெளிப்பக்கமாகவோ சாய்ந்திருந்தால் பிடியின் அகலத்தை மாற்ற வேண்டும். கம்பி உள்ளங்கையின் அடிப்பகுதியில், முன்கை எலும்புகளுக்கு நேர்மேலே அமர வேண்டும். விரல்களின் அடியில் வைத்தால் மணிக்கட்டு பின்னோக்கி மடங்கும். சில வாரங்களில் வலிக்கத் தொடங்கும்.

கட்டைவிரல் கம்பியைச் சுற்றியிருத்தல் கட்டாயம். கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடிக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அவ்வாறு பிடிப்பவருக்கும் கம்பிக்கும் இடையில் தடுப்பென்று எதுவுமில்லை. வியர்த்த கையிலிருந்து கம்பி முன்னோக்கி உருண்டால் அது விழும் இடத்தை முன்பே கூறினோம்.

இறங்கும் பாதையும் ஏறும் பாதையும்

தூணிலிருந்து கம்பியை எடுத்தவுடன் இறக்கத் தொடங்கலாகாது. கைகளை நேராக நீட்டியபடியே அதைத் தோள்மூட்டுக்கு நேர்மேலே கொண்டுவந்து ஒரு நொடி நிறுத்த வேண்டும். மூச்சை நன்கு உள்ளிழுத்து வயிற்றை இறுக்கிக்கொண்டு, இரண்டு நொடி அளவில் கம்பியை நிதானமாக இறக்க வேண்டும்.

எங்கே இறக்குவது? நீட்டிய கைகளுக்கு நேர்கீழே, கழுத்தை ஒட்டி இறக்குவதே நேர்கோடு. ஆகவே அதுவே சுருக்கமான வழி என்று தோன்றும். ஆனால் அவ்வழியில் இறக்கினால் முழங்கைகள் உடலிலிருந்து தொண்ணூறு பாகை விலகி, சிலுவைபோல் பக்கவாட்டில் நீளும். அந்நிலையில் மேற்கை எலும்பின் தலைப்பகுதிக்கும் அதன் மேலுள்ள தோள் எலும்பின் முனைக்கும் இடையிலுள்ள தசைநாண்கள் நெருக்கப்படுகின்றன. ஒருநாள் இருநாள் ஒன்றும் தெரியாது. பல மாதங்கள் தொடர்ந்தால், சட்டையைக் கழற்றக் கையை உயர்த்தும்போதே தோள் வலிக்கும்.

எனவே முழங்கைகளை உடலை நோக்கிச் சற்று உள்வாங்கிக்கொள்ள வேண்டும். உடலோடு அவை ஏறத்தாழ நாற்பத்தைந்து பாகையிலிருந்து எழுபது பாகைக்குள் அமைவது பெரும்பாலோர்க்குப் பொருந்தும். கை நீளம், மார்பின் அகலம் முதலியவற்றுக்கேற்ப இது ஆளுக்கு ஆள் சிறிது மாறும். முழங்கை உள்வாங்கியதும், கம்பி நெஞ்சைத் தொடும் இடம் தானாகவே கீழிறங்கி, மார்பெலும்பின் கீழ்ப்பகுதியில் அமையும்.

இங்குதான் இப்பயிற்சியின் நுட்பம் உள்ளது. கம்பி நெஞ்சின் கீழ்ப்பகுதியில் நிற்கும்போது, தோள்மூட்டிலிருந்து அது கிடைமட்டத்தில் சில சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. தண்ணீர்க் குடத்தை இடுப்போடு அணைத்து நடப்பவருக்குப் பாரம் குறைவாகத் தோன்றுகிறது. அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்தால் சில நொடிகளிலேயே கை நடுங்குகிறது. குடத்தின் எடை மாறவில்லை. உடலிலிருந்து அதன் தொலைவு மாறியது. இயற்பியலில் இதனைத் திருப்புவிசை என்று படிக்கிறோம். விசையையும் செங்குத்துத் தொலைவையும் பெருக்கக் கிடைப்பது அது. கம்பி தோள்மூட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும்போது தோள் தசைகள் தாங்க வேண்டிய திருப்புவிசை, 5 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும்போது உள்ளதைப்போல் இருமடங்கு.

ஆகவே மேலே தள்ளும்போது கம்பியை நேர்செங்குத்தாகத் தள்ளாமல், மேல்நோக்கியும் முகத்தை நோக்கியும் சற்றுச் சாய்வாகத் தள்ள வேண்டும். தொடக்கத்திலேயே கம்பி தோள்மூட்டை நெருங்கிவிடுவதால் பாரம் குறையும். முடிவில் அது மீண்டும் தோளுக்கு நேர்மேலே வந்து நிற்கும். அங்கே எலும்புகள் பாரத்தைத் தாங்குவதால் தசைகள் சற்றே ஓய்வு பெறும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கம்பி சென்று திரும்பும் பாதை, மெல்லிய சாய்வுகொண்ட வளைகோடாகத் தெரியும். புதிதாகக் கற்பவரின் கம்பி ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பாதையில் ஏறி இறங்கும். பழகியவருடையது ஒரே தடத்தில் ஓடும்.

தள்ளுதலின் கடினமான கட்டத்தைக் கடந்தபின் மூச்சை விடலாம். இரத்த அழுத்தமோ இதயக் குறைபாடோ உடையவர்கள் மூச்சை அடக்கித் தூக்குதல் கூடாது. மருத்துவரைக் கேட்காமல் இப்பயிற்சியைத் தொடங்குதலும் கூடாது. முடிக்கும்போது கைகளை முழுமையாக நீட்டிய பின்னரே கம்பியைத் தூணை நோக்கி நகர்த்த வேண்டும். தூணில் கம்பி இடித்த ஒலி கேட்ட பின்னர் அதன் கொக்கியில் இறக்க வேண்டும். கொக்கியைக் கண்ணால் தேடித் தலையைத் திருப்பினால் கம்பியும் அப்பக்கம் சாயும்.

உடன் நிற்பவர்

தென்மாவட்டப் பள்ளி ஒன்றில் நான் பணியாற்றியபோது, பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு வாரம் வகுப்புக்கு வரவில்லை. வந்தபோது மெல்ல நடந்தான். உரக்கப் பேச முடியவில்லை. வைகறையில் ஆளில்லாத நேரத்தில் உடற்பயிற்சிக்கூடத்தைத் திறந்து தனியாகப் பயிற்சி செய்திருக்கிறான். கம்பியில் அறுபது கிலோ. தட்டுகள் கழலாதிருக்க இருபுறமும் பூட்டு மாட்டியிருந்தான். எட்டாவது முறை கம்பி பாதியில் நின்று, நெஞ்சில் இறங்கிவிட்டது. பெருக்க வந்த அம்மா ஒருவர் ஓடிவந்து ஒரு முனையைத் தூக்கியிருக்கிறார். "கூப்பிடணும்னு தோணுச்சு ஐயா, மூச்சு வரல" என்றான். நெஞ்சின் குறுக்கே கம்பியின் தடம் பல நாள் மறையவில்லை.

அவன் வலிமையற்றவன் அல்லன். வகுப்பில் வலிமை மிக்கவன் அவனே. தனியாகச் செய்ததும் பூட்டு மாட்டியதும் சேர்ந்து அவனை அங்கே கொண்டு நிறுத்தின.

எனவே பெஞ்ச் பிரஸ் செய்யும்போது தலைப்பக்கம் ஒருவர் நிற்க வேண்டும். உடன் நிற்பவரின் பணி எளிதன்று. தூணிலிருந்து கம்பியை எடுக்க உதவ வேண்டும். எத்தனை முறை தூக்கப்போகிறார், உதவி வேண்டுமெனில் என்ன சொல்வார் என்பதை முன்பே பேசிக்கொள்ள வேண்டும். கைகளைக் கம்பிக்கு அருகே, ஆனால் அதைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். கம்பி மேலேறுவது நின்றாலோ கீழ்நோக்கித் திரும்பினாலோ அக்கணமே பற்ற வேண்டும். அப்போது கைப்பேசியைப் பார்ப்பவரும், பிறரோடு உரையாடுபவரும் அப்பணிக்கு ஆகார். இதற்கு எதிரான பிழை ஒன்றும் உண்டு. முதல் தள்ளலிலிருந்தே கம்பியைப் பிடித்து இழுத்து, "உன் பலந்தான், உன் பலந்தான்" என்று ஊக்கமூட்டுவோர் உளர். அங்கே தூக்கப்பட்ட எடை இருவருக்கும் பொது. எண்ணிக்கையை மட்டும் ஒருவர் எடுத்துக்கொள்கிறார்.

உடன் நிற்க ஒருவரும் இல்லையெனில், இருபுறமும் பாதுகாப்புக் கம்பிகள் பொருத்திய சட்டத்துக்குள் பலகையை இட்டுப் பயிலலாம். அக்கம்பிகள் நெஞ்சின் உயரத்துக்குச் சற்றே கீழே அமைய வேண்டும். அதுவும் இல்லையெனில், அன்று தண்டால் எடுப்பதே தக்கது. தண்டாலில் உழைப்பவையும் மார்புத் தசை, முன்தோள் தசை, மேற்கையின் பின்புறமுள்ள முத்தலைத் தசை ஆகியவையே. தள்ளுவது பளுவுக்குப் பதிலாகத் தரை. கை தளர்ந்தால் அங்கு விழுவதற்கு எதுவுமில்லை.

பழகும் காலம்

பயிற்சி தொடங்கிய முதற்சில வாரங்களில் தூக்கும் வலிமை விரைந்து கூடுவதைப் பலரும் கண்டிருப்பர். தசை அவ்வளவு விரைவில் பருப்பதில்லை. எந்தத் தசை நார்களை, எவ்வரிசையில், எவ்வளவு வேகத்தில் இயக்குவது என்பதை மூளையும் நரம்புகளும் கற்றுக்கொள்வதே அவ்வளர்ச்சியின் பெரும்பகுதி. அவை சரியான அசைவையும் கற்கும். தவறான அசைவையும் அதே உறுதியோடு கற்கும். ஈராயிரம் முறை பிறழச் செய்த அசைவை மாற்றுவது, புதிதாகக் கற்பதைவிடக் கடினம். எழுத்தைத் தலைகீழாகச் சுழித்து எழுதிப் பழகிய குழந்தையின் கையைத் திருத்தியோர்க்கு இது நன்கு தெரியும்.

இதனால்தான் முதலிரண்டு வாரங்கள் வெறுங்கம்பியோடு கழிய வேண்டும் என்கிறோம். வெறுங்கம்பி என்றால் நண்பர்கள் நகைப்பார்கள் என்ற கூச்சம் இயல்பே. 20 கிலோ கம்பியே பாரமாக இருப்பவர்கள் மெல்லிய கம்பியையோ மூங்கிற்கழியையோ எடுத்துக்கொள்ளலாம். ஒரு சுற்றுக்கு எட்டு அல்லது பத்து முறை, மூன்று சுற்று, வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், இடையே ஒருநாளேனும் ஓய்வு என்பது தொடக்கத்திற்குப் போதும். பாதை பிறழாமல் எல்லாச் சுற்றும் முடிந்தால், அடுத்த வாரம் பக்கத்துக்கு 1.25 கிலோ வீதம் 2.5 கிலோ கூட்டலாம். இடுப்பு பலகையைவிட்டு எழுகிறதா, ஒரு கை முந்துகிறதா, கம்பி நெஞ்சில் மோதுகிறதா என்று கவனிக்க வேண்டும். இவற்றுள் ஒன்று தோன்றினாலும் அச்சுற்று அங்கே முடிந்தது. எண்ணிக்கையில் இன்னும் இரண்டு மீதமிருந்தாலும் முடிந்ததே.

தன் அசைவைத் தானே உணர்தல் அரிது. முழங்கை உள்வாங்கியிருப்பதாக நாம் உறுதியாக நம்புவோம். பார்ப்பவருக்கு அது அகன்றே தெரியும். கைப்பேசியைப் பலகையின் உயரத்தில் பக்கவாட்டில் நிறுத்திப் படம் பிடித்தால் கம்பியின் பாதையைக் காணலாம். கால்பக்கம் நிறுத்திப் பிடித்தால் இரு கைகளும் ஒரே சீராக ஏறுகின்றனவா என்று அறியலாம். கைப்பேசியால் உடற்பயிற்சிக்கூடத்தில் விளையும் நன்மைகளுள் நான் அறிந்தது இதுவொன்றே.

தசை வலியையும் மூட்டு வலியையும் பிரித்தறிதல் வேண்டும். மறுநாள் மார்பிலும் கையிலும் பரவலாகத் தோன்றி, இரண்டு மூன்று நாளில் தணிவது தசைவலி. தோளின் முன்புறத்தில் ஓரிடத்தில் ஊசியால் குத்துவதுபோல், அதுவும் தூக்கும்போதே தோன்றும் வலி வேறு. அதைப் பொறுத்துக்கொண்டு தொடர்வதை வீரம் என எண்ணலாகாது. மார்புப் பயிற்சி செய்யும் அளவுக்கு, பளுவைத் தன்னை நோக்கி இழுக்கும் முதுகுப் பயிற்சிகளையும் செய்தல் தோளுக்குக் காப்பாகும்.

முறையைத் திருத்திக்கொள்ளுதல் தொடக்க நிலையினர்க்கு மட்டும் உரியதன்று. மணிப்பூரைச் சேர்ந்த மீராபாய் சானு 2016 ரியோ ஒலிம்பிக்கில் கிளீன் அண்ட் ஜெர்க் முறையின் மூன்று வாய்ப்புகளிலும் தவறினார். மொத்த எடை கணக்கில் வராமலே திரும்பினார். அடுத்த ஆண்டே 194 கிலோ தூக்கி உலகச் சாம்பியன் ஆனார். அதன்பின்பும் அவருடைய தோளிலும் முதுகிலும் தசைகள் சமமாக இயங்காத குறை இருந்துவந்தது. ஸ்நாட்ச் முறையில் அது அவரைத் தடுத்தது. 2020ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவர் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்குச் சென்று, உடலியக்க வல்லுநர் ஒருவரிடம் அக்குறையைச் சீர்செய்யப் பயின்றார். உலகப் பட்டம் வென்ற வீராங்கனை, தோளை எவ்வாறு நிறுத்துவது என்பதை மீண்டும் கற்றார். 2021 ஏப்ரலில் தாஷ்கண்டில் நடந்த ஆசியப் போட்டியில் முதலிரண்டு ஸ்நாட்ச் வாய்ப்புகளிலும் தவறி, மூன்றாவதில் 86 கிலோவைத் தூக்கினார். தொடர்ந்து கிளீன் அண்ட் ஜெர்க் முறையில் 119 கிலோ தூக்கி உலகச் சாதனை படைத்தார். அவ்வாண்டு ஜூலை 24 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் 87 கிலோவும் 115 கிலோவும் தூக்கி, மொத்தம் 202 கிலோவுடன் வெள்ளி வென்றார்.

கற்பவை கற்றபின்...

உங்கள் ஊரிலோ அருகிலோ இளவட்டக்கல் இருப்பின், அதைத் தூக்கிய பெரியவர் ஒருவரைக் கண்டு, கல்லை ஏற்றும் படிநிலைகளை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி வருக.

நண்பர் ஒருவர் தண்டால் எடுப்பதைப் பக்கவாட்டிலிருந்தும் தலைப்பக்கமிருந்தும் படம்பிடித்து, முழங்கை, இடுப்பு, கழுத்து ஆகியவற்றின் நிலையை இப்பாடத்தில் கூறியவற்றோடு ஒப்பிட்டு வகுப்பில் பேசுக.

நீங்கள் நன்கு அறிந்த கைத்தொழில் அல்லது விளையாட்டு ஒன்றைப் புதிதாகக் கற்பவருக்கு விளக்கும் வகையில், அவர் தொடக்கத்தில் செய்யக்கூடிய பிழைகளையும் அவற்றின் காரணங்களையும் சேர்த்து இரண்டு பக்க அளவில் கட்டுரை எழுதுக.